லோன் கொடுத்தவருக்கு இன்சென்டிவ்... லோன் சிக்கலானால் யாருக்கு நஷ்டம்?

கம்பம், போடி பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள்தான் அவற்றில் அதிகம். அடமானம் இல்லாமல், குழுவாகச் சேர்த்து லோன் தரும் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் தேடி வருவது இப்படிப்பட்ட குடும்பங்களைத்தான்.

லோன் கொடுக்க வருபவருக்கும் ஒரு டார்கெட் இருக்கும். எத்தனை லோன், எவ்வளவு வசூல் என்று பார்த்து இன்சென்டிவ். 'பிசினஸ் கொண்டு வந்தவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன தப்பு?' நியாயமான கேள்விதான்.

சிக்கல் எங்கே?

சோப்பு விற்றால் விவகாரம் அன்றே முடிந்துவிடும். கடன் அப்படியில்லை. வருமானம் இன்றைக்குக் கணக்கில் வரும். ரிஸ்க் பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தருவதே மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு வீட்டில் மாத வருமானம் ரூ.16,000, ஏற்கெனவே தவணை ரூ.7,500 என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு ரூ.1,500 தவணைக்கு இடமில்லை. ஆனால் படிவத்தில் வருமானத்தை ரூ.20,000 என்று எழுதினால்? லோன் பாஸ், டார்கெட்டும் முடிந்தது. நாலு மாதம் கழித்து மழையில் எஸ்டேட் வேலை நின்றால், இன்சென்டிவ் வாங்கியாச்சு. ரூ.9,000 தவணை மட்டும் அந்த வீட்டு வாசலில் நிற்கும்.

இதற்கு முன் நடந்ததா?

2010-ல் ஆந்திராவில் மைக்ரோ ஃபைனான்ஸ் வசூல் கெடுபிடியும் தற்கொலைகளும் பெரும் நெருக்கடியாகி, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், டார்கெட்டுக்காக வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் தொடங்கியது 2016-ல் அம்பலமானது. சுமார் 5,300 ஊழியர்களுக்கு வேலை போனது.

விதி என்ன சொல்கிறது?

தனியார் வங்கி சி.இ.ஓ.க்களின் சம்பளத்தில் குறைந்தது பாதி, செயல்பாட்டைப் பொறுத்து மாற வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2019 வழிகாட்டுதல். அதில் பெரும்பங்கைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்துத்தான் தர வேண்டும். பின்னால் நஷ்டம் தெரிந்தால் திரும்ப வாங்கவும் வழி உண்டு.

களப் பணியாளருக்கு? லோன் எண்ணிக்கை, வசூல் விகிதத்தைவிட, சேவைக்கும் வாடிக்கையாளர் திருப்திக்கும் ஊதியத்தில் அதிக இடம் தர வேண்டும் என்று மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனால் சி.இ.ஓ. போனஸுக்கு இருப்பதுபோல, 'கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொடு' என்ற கட்டாயம் இங்கே இல்லை.

அப்போ என்னதான் செய்வது?

குறைந்த சம்பளக்காரரிடம் போய் இன்சென்டிவைத் திரும்பக் கேட்பதும் நியாயமில்லை. டார்கெட்டை நிர்ணயிப்பது அவர் இல்லையே! அடிப்படைச் சம்பளத்தை உயர்த்தி, இன்சென்டிவை மட்டும் 'ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பம் சிரமமில்லாமல் தவணை கட்டுகிறதா?' என்பதோடு இணைக்கலாம். கொண்டு வந்த வருமானத்துக்குச் சம்பளம் தரட்டும். அந்த வருமானம் நிலைத்ததா என்று பார்த்த பிறகு தரட்டும்.

அதுவரை, கையெழுத்துப் போடும் முன் ஒரு விஷயம்: படிவத்தில் உங்கள் வருமானம் என்று எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.