கருநாடகப் போர்கள்: காரணங்களும் விளைவுகளும்

"ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பது நம் முன்னோர் மொழி. இதற்குச் சரித்திரத்தில் சான்று தேடுவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1746 முதல் 1763 வரை நம் மண்ணிலே மோதிக்கொண்ட மூன்று கருநாடகப் போர்களே போதும். தேர்வுக்காக இப்போர்களின் ஆண்டுகளை நாம் மனப்பாடம் செய்கிறோம். ஆனால், ஐரோப்பாவில் அண்டை அயலாராக வாழும் இரு நாட்டினர் ஆற்காட்டிலும் வந்தவாசியிலும் ஏன் போரிட்டனர்? பயன் அடைந்தவர் யார்? விலை கொடுத்தவர் யார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருநாடகம் என்றதும் இன்றைய கர்நாடக மாநிலத்தை எண்ணிவிடக்கூடாது. ஆற்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதியையே அன்று அப்பெயரால் அழைத்தனர். அதன் பெரும்பகுதி இன்றைய தமிழ்நாட்டில் உள்ளது.

காரணங்கள்

முதற்காரணம் வணிகப் போட்டி. ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம்பெற்றுப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டினர். பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியில் காலூன்றினர். சோழமண்டலக் கரை நெசவாளர் நெய்த துணிகளையே இரு கம்பெனிகளும் நாடின. ஒரே தெருவில் ஒரே சரக்கை விற்கும் இரு கடைகளுக்கிடையே நட்பு நிலைக்குமோ?

இரண்டாம் காரணம் ஐரோப்பாவில் மூண்ட போர்கள். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரும் (1740–48), ஏழாண்டுப் போரும் (1756–63) கடல் கடந்து இங்கும் வந்தன.

மூன்றாம் காரணம் நம்மிடையே நிலவிய ஒற்றுமையின்மை. 1707இல் ஔரங்கசீப் இறந்தபின் மொகலாயப் பேரரசு தளர்ந்தது. ஐதராபாத்திலும் ஆற்காட்டிலும் பதவிச் சண்டை தலைதூக்கியது. வணிகர் ஆட்சிக்கனவு காண இதுவே வழி திறந்தது.

போர்கள்

முதற் போரில், 1746இல், பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அதை மீட்க நவாபு அன்வாருதீன் அனுப்பிய பெரும்படையை அடையாற்றங்கரையில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை முறியடித்தது. பயிற்சியும் நல்ல துப்பாக்கியும் இருந்தால் சிலர் பலரை வெல்லலாம் என்பதைப் புதுச்சேரி கவர்னர் டூப்ளே கண்டுகொண்டார். 1748இல் ஏற்பட்ட அய்லா சப்பேல் உடன்படிக்கைப்படி சென்னை மீண்டும் ஆங்கிலேயருக்கே கிடைத்தது. அதற்கு ஈடாக வட அமெரிக்காவிலுள்ள லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்குத் திரும்பியது. சென்னையில் வாழ்ந்த மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

இரண்டாம் போர் வாரிசுச் சண்டையில் பிறந்தது. ஆற்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரர் ஆதரித்தனர். 1749இல் ஆம்பூர்ப் போரில் அன்வாருதீன் மாண்டார். திருச்சிக்கு ஓடிய அவர் மகன் முகம்மது அலிக்கு ஆங்கிலேயர் துணைநின்றனர். 1751இல் ராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் கொண்டு ஆற்காட்டைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையையும் தாங்கினார். உணவு குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைத் தாங்கள் குடித்தனர் என்றொரு செய்தி வழங்குகிறது. கிளைவின் பெயர் ஏட்டில் நின்றது. கஞ்சி குடித்தவர் பெயர் ஒன்றேனும் நமக்குத் தெரியுமா? சந்தா சாகிபு 1752இல் கொல்லப்பட்டார். 1754இல் டூப்ளே தாயகத்திற்குத் திருப்பி அழைக்கப்பட்டார்.

மூன்றாம் போருக்கு 1758இல் லாலி பிரபு வந்தார். கடலூரருகே இருந்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். சென்னையை முற்றுகையிட்டும் வெற்றி காணவில்லை. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர்கூட் அவரைத் தோற்கடித்தார். பின்னர் புதுச்சேரி முற்றுகைக்குள்ளானது. உணவு அருகியதும், நகரில் எஞ்சியிருந்த நம் மக்களை லாலி வெளியேற்றினார். ஆங்கிலேயரோ அவர்களைக் கடந்துசெல்ல விடவில்லை. ஆணும் பெண்ணும் இரு படைகளுக்கும் நடுவே பல நாட்கள் பட்டினி கிடந்தபின்பே வழி கிடைத்தது. 1761 ஜனவரியில் நகர் சரணடைந்தது. அதன் கோட்டையும் மாளிகைகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கால் நூற்றாண்டாக அந்நகர நிகழ்ச்சிகளைத் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன்னரே கண்மூடினார்.

ஆங்கிலேயர் வென்றது ஏன்?

அவர்களுடைய கடற்படை வலியது. 1757இல் பிளாசிப் போருக்குப்பின் வங்காளத்தின் செல்வம் அவர்கள் கைக்கு வந்தது. பிரெஞ்சுக் கம்பெனியோ தன் நாட்டு அரசையே நம்பியிருந்தது. தக்க நேரத்தில் பணமும் கப்பலும் கிட்டவில்லை. ஐதராபாத்தில் செல்வாக்குடன் விளங்கிய புஸ்ஸியை லாலி திருப்பி அழைத்ததும் பெரும்பிழையாயிற்று.

விளைவுகள்

1763இல் ஏற்பட்ட பாரிசு உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதன் அரசியல் வலிமை திரும்பவில்லை. தோற்ற லாலிக்கு 1766இல் பாரிசில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. டூப்ளே 1763இல் வறுமையில் இறந்தார்.

வென்றவர் பக்கம் நின்ற முகம்மது அலியாவது வாழ்ந்தாரா? நவாபு பட்டம் கிடைத்தது. கூடவே போர்ச்செலவும் கடனாகத் தலைமேல் ஏறியது. கம்பெனி ஊழியர்களிடமே அவர் கடன் வாங்கினார். கடனுக்கு ஊர்களின் வரிவருவாய் ஈடாயிற்று. உழவர் கொடுத்த வரி கடன்காரர் கைக்குப் போயிற்று. வரி வசூலிக்கச் சென்ற நவாபு, கம்பெனிப் படைகளைப் பூலித்தேவர் போன்ற பாளையக்காரர் எதிர்த்தனர். இறுதியில் 1801இல் கருநாடகம் முழுவதையும் கம்பெனியே எடுத்துக்கொண்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான் இது!

முடிவுரை

கிளைவுக்கும் டூப்ளேக்கும் நடந்த போட்டியாகவே இப்போர்களை நாம் படிக்கிறோம். ஆனால் இருபுறமும் துப்பாக்கி ஏந்தியவருள் பலர் இந்நாட்டவரே. மிதிபட்டதும் நம் வயல்களே. அயலான் நம் சண்டையில் உதவ வந்தால் தன் கூலியை எண்ணியே வருவான். அக்கூலி இங்கு ஒரு நாடாக இருந்தது. அந்நாட்டை மீட்க நமக்கு 1947 வரை ஆயிற்று. புதுச்சேரி நம்மோடு இணைய 1954 வரை ஆயிற்று. அன்புத் தோழியரே, அடுத்தமுறை 1760 என்ற ஆண்டை மனப்பாடம் செய்யும்போது, வந்தவாசியோடு, இரு படைகளுக்கும் நடுவே நின்ற அந்தப் பெயர் தெரியாத மக்களையும் சற்றே நினைவில் கொள்வோமாக!