பில்லைப் பிரிக்கும் முன்

தொம்மலூரில் மெக்சிகோ உணவகம் ஒன்றில் நண்பர்கள் ஐவர் டாக்கோவும் கேசடியாவும் பகிர்ந்து உண்டதாகக் கொள்வோம். உணவின் விலை ரூ.4,000. பில்லில் 10 சதவீதச் சேவைக் கட்டணமாக ரூ.400 சேர்கிறது. அதன்மீதும் 5 சதவீத ஜி.எஸ்.டி. கணக்கிடப்படுவதால் மொத்தம் ரூ.4,620. சேவைக் கட்டணம் இல்லையெனில் ரூ.4,200 மட்டுமே; தலைக்கு ரூ.84 மிச்சம்.

ஜி.எஸ்.டி. அரசுக்குச் சேரும் வரி; செலுத்தியே ஆக வேண்டும். சேவைக் கட்டணமோ வரியன்று. அதனை உணவகங்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் அதனை உறுதி செய்தது. எனவே அக்கட்டணத்தை நீக்குமாறு கோரலாம். மறுத்தால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நண்பர்கள் முன்னிலையில் பில்லைச் சரிபார்க்கக் கூச வேண்டாம். பரிமாறியவருக்கு மனமுவந்து அளிப்பது நம் விருப்பம்.

தொகையை ஒருவர் செலுத்த, மற்றவர்கள் தம் பங்கை யு.பி.ஐ. மூலம் அவருக்கு அனுப்புவது எளிது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்க: பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டியதில்லை. அவ்வாறு கேட்டால் அது மோசடியே.