அலமாரியில் ஒரு நகல் போதுமா? குடும்பப் படங்களைப் பாதுகாக்கும் வழிகள்

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவைச் சூழ்ந்த வெள்ளம் வடிந்தபோது, சாலையோரமெங்கும் மெத்தைகளும் அலமாரிகளும் குளிர்பதனப் பெட்டிகளும் மலைபோல் குவிந்து கிடந்தன. பணம் சேர்த்து அவற்றில் பலவற்றை மீண்டும் வாங்கிவிடலாம். நனைந்து ஒட்டிப்போன குடும்பப் படங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இப்போதெல்லாம் படங்கள் கைப்பேசியில்தானே இருக்கின்றன, பயமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். கைப்பேசி தண்ணீரில் விழலாம், திருடு போகலாம், ஒரு நாள் காலையில் உயிர் பெறாமலும் போகலாம். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வைத்தவர்களும் அதை ஆல்பம் இருக்கும் அதே அலமாரியில்தான் வைக்கிறார்கள். வெள்ளமோ தீயோ திருடனோ வந்தால் இரண்டும் ஒன்றாகவே போய்விடும்.

மூன்று நகல்

படங்களைப் பாதுகாப்பதில் உலகெங்கும் பின்பற்றப்படும் எளிய விதி ஒன்று உண்டு. அதை ‘3-2-1’ என்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் 3 நகல்கள், அவை 2 வெவ்வேறு வகைச் சேமிப்புகளில், அவற்றில் 1 வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

நடைமுறையில் ஒரு கிள்ளான் குடும்பம் இதை இப்படிச் செய்யலாம். முதல் நகல் வீட்டுக் கணினியில். இரண்டாவது, கணினியோடு இணைத்து எடுக்கும் ஹார்ட் டிஸ்க்கில். மூன்றாவது இணையச் சேமிப்பில், அல்லது ஈப்போவில் இருக்கும் அக்காள் வீட்டில் இன்னொரு ஹார்ட் டிஸ்க்காக. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது புதிய படங்கள் ஏற்றிய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, அங்கிருக்கும் பழையதை வாங்கி வரலாம். மாதக் கட்டணம் எதுவும் இல்லை.

ஒரு கைப்பேசிப் படம் ஏறக்குறைய 3 முதல் 4 மெகாபைட் இருக்கும். அந்தக் கணக்கில் 1 டெராபைட் டிஸ்க்கில் இரண்டரை லட்சம் படங்கள் வரை அடங்கும். காணொளிகள்தான் இடத்தை விழுங்கும்.

நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் கணினிக்குள் புகுந்தால், இணைந்திருக்கும் டிஸ்க்கையும் அது விட்டுவைக்காது.

இணையச் சேமிப்பின் வரம்புகள்

கூகள் போட்டோஸ் ஒரு காலத்தில் சற்றே சுருக்கிய படங்களை எல்லையின்றி இலவசமாக ஏற்றுக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றுவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 கிகாபைட். மின்னஞ்சலும் கூகள் டிரைவ் கோப்புகளும் அதே இடத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஆப்பிளின் ஐகிளவுட்டில் இலவச இடம் 5 கிகாபைட் மட்டுமே. இடம் நிரம்பியபின் எடுக்கும் படங்கள் மேலே ஏறுவதில்லை. அறிவிப்பைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணையச் சேமிப்பும் கைப்பேசியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல் இயங்குபவை. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று கூகள் போட்டோஸ் செயலிக்குள் சென்று ஒரு படத்தை அழித்தால், இணையத்தில் உள்ளதும் சேர்ந்தே அழியும். இணையத்தில் ஏறிய படம் அங்குள்ள குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை இருக்கும், ஐகிளவுட்டில் 30 நாள். அதற்குள் மீட்காவிட்டால் அவ்வளவுதான். கைப்பேசியில் மட்டும் இடத்தைக் காலி செய்ய, செயலியிலேயே அதற்கென ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

வாட்ஸ்அப் ஒரு சேமிப்புக் கிடங்கல்ல

குடும்பக் குழுவில் போட்டாயிற்று, அங்கே இருக்கும் என்று விட்டுவிடுவோரும் பலர். வாட்ஸ்அப் வழியாக அனுப்பப்படும் படம் வழக்கமாகச் சுருக்கப்படுகிறது. கைப்பேசித் திரையில் அழகாகத் தெரியும். பெரிதாக அச்சடித்துச் சட்டமிட்டு மாட்ட நினைக்கும்போதுதான் முகம் மங்கித் தெரியும். படத்தை ‘டாக்குமெண்ட்’டாக இணைத்து அனுப்பினால் அசல் தரம் குறையாது.

கல்யாண சிடியும் தோட்டத்துப் படமும்

2000ஆம் ஆண்டுகளில் நடந்த திருமணங்கள், காதணி விழாக்கள் பல வீடுகளில் இன்னும் சிடியிலும் டிவிடியிலுமே இருக்கின்றன. நம் நாட்டு வெப்பமும் ஈரக்காற்றும் வட்டுகளுக்குப் பகை. இப்போது விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அவற்றைப் போட்டுப் பார்க்கும் இடமே இல்லை. வட்டு இன்னும் ஓடும்போதே கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது.

அதைவிட அவசரமானவை பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயத்து வாசல், தோட்டத்துப் பள்ளி, கோயில் திருவிழா, பால்மரம் வெட்டப் புறப்பட்ட தாத்தா ஆகியோரைக் காட்ட சில குடும்பங்களிடம் எஞ்சியிருப்பது ஒரேயொரு அட்டைப் படம்தான். ஸ்கேன் கருவி இருந்தால் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் எடுக்கலாம். இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் கைப்பேசியிலேயே எடுக்கலாம்.

படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். பாட்டி அருகில் உட்கார்ந்து சொல்ல, பேரப்பிள்ளை தட்டச்சு செய்தால் ஒரு மாலையில் ஓர் ஆல்பம் முடிந்துவிடும். பெயர் சொல்லக்கூடியவர் போன பிறகு, படம் பத்திரமாக இருந்தும் அதில் இருப்பவரை யாருக்கும் தெரியாது.

தேடினால் கிடைக்க வேண்டும்

கோப்புறைக்குப் பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குவது நல்ல வழக்கம். ‘2019-01-21 தைப்பூசம்’ என்று வைத்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிக்கொள்ளும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை இணைத்து, அங்கங்கே பத்துப் படங்களைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. ஐந்து ஆண்டு ஓடிய டிஸ்க்கைப் புதியதாக மாற்றுவதும் நல்லது. தம்ப் டிரைவ் படங்களை எடுத்துச் செல்ல உதவும். பல்லாண்டு வைத்திருக்க ஏற்றதல்ல.

கடவுச்சொல் யாரிடம்?

குடும்பத்தில் படம் எடுப்பவர் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பார். அவர் திடீரென மறைந்தால் கணக்கும் பூட்டப்பட்டுவிடும். 2 ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை கூகள் அழிக்கக்கூடும். உறுதிப்படுத்தும் எண் வரும் பிரீபெய்டு சிம் காலாவதியானாலும் உள்ளே நுழைவது கடினம்.

இதற்கும் வழி இருக்கிறது. கணக்கு நீண்ட நாள் செயல்படாவிட்டால் யாருக்குத் தகவலும் கோப்புகளும் போக வேண்டும் என்பதைக் கூகள் கணக்கின் அமைப்பில் முன்கூட்டியே குறிப்பிடலாம். ஆப்பிளிலும் தமக்குப் பின் கணக்கைத் திறக்க ஒருவரை நியமிக்கலாம். இரண்டையும் அமைக்கப் பத்து நிமிடம் போதும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வார இறுதியில் கைப்பேசிப் படங்களை ஒரு டிஸ்க்கில் ஏற்றலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அதன் நகல் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்துக்கு முன் இவ்விரண்டும் முடிந்திருந்தால், வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் படங்கள் பிழைத்துக்கொள்ளும்.