கப்பல் சரக்கும் நம்ம கழனியும்

(வானொலி பண்ணை உரை)



வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்கைத் துறைமுகத்திலும் கிடங்கிலும் கையாளுகிற ஆட்களுக்கு என்ன பயிற்சி வேண்டும், அவர்களுக்கு அங்கீகாரம் கொடுப்பது யார் என்பதைப் பற்றி இன்றைக்குப் பேசலாம் என்று இருக்கிறேன். "கண்ணமங்கலத்திலே மல்லாட்டையும் நெல்லும் போடுகிற நமக்கும் கப்பல் சரக்குக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீங்க. சம்பந்தம் ரெண்டு இருக்கு. அங்கே ஒருத்தர் வேலையிலே கோட்டை விட்டால் அது நம்ம கழனியிலே வந்து விடியும் என்பது ஒண்ணு. நம்ம அடிவாரத்துப் பிள்ளைகளும் மலைமேலே இருக்கிற பிள்ளைகளும் சென்னைப் பக்கம் கிடங்கு வேலை, கண்டெய்னர் வேலை என்று போகிறார்களே, அவர்கள் உயிர் சம்பந்தப்பட்டது இது என்பது இன்னொண்ணு.

முதலில் கழனியைப் பார்ப்போம். பார்த்தீனியம் பூண்டு நம்ம நாட்டுச் செடி இல்லை. 1950-களில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு விதை கலந்து வந்தது என்பார்கள். 1955 வாக்கில் புனே பக்கம் கண்ணில் பட்டது, இன்றைக்கு நம்ம வரப்பு வரைக்கும் வந்து அரிப்பும் இளைப்பும் தருகிறது. நீலகிரியில் 1961-ல் உருளைக்கிழங்கில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தெரிந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒண்ணையும் விடவில்லை. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தது. 2020-ல் கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளி மாவுப்பூச்சி தெரிந்து, பிறகு நாமக்கல், சேலம் மாவட்டங்களிலே குச்சிக்கிழங்கு போட்டவர்களைக் கலங்க அடித்தது.

இவை எல்லாம் கடல் தாண்டி வந்தவை. சொந்த நாட்டில் இவற்றைத் தின்பதற்கு வேறு பூச்சி இருக்கும். இங்கே பங்காளியும் இல்லை, பகையாளியும் இல்லை. அதனால்தான் வந்த ரெண்டு மூணு வருஷத்தில் காடு மாதிரி பெருகிவிடுகிறது.

இதைத் தடுக்க நம்ம நாட்டில் 1914-லேயே சட்டம் போட்டார்கள். அழிவு செய்யும் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் அது. அதன்கீழ் 2003-ல் வந்த தாவரத் தொற்றுத்தடை ஆணைதான் இன்றைக்கு நடைமுறையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் 'குவாரண்டைன்' என்ற வார்த்தையை எல்லோரும் கேட்டோம். செடிக்கும் விதைக்கும் அது வெகுகாலமாக இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விதை, கன்று, தானியம் எது வந்தாலும் இறக்குமதி அனுமதிச் சீட்டும், அனுப்புகிற நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சென்னை மீனம்பாக்கத்தில் இருக்கிற தாவரத் தொற்றுத்தடை நிலையத்தின் அதிகாரிகள் சோதித்துப் பார்த்த பிறகே சரக்கு வெளியே வரும். சில வகைக் கன்றுகளைத் தனி இடத்தில் வளர்த்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் விடுவார்கள். ஆடு மாடு, தோல், முடி போன்றவற்றுக்கு 1898-ஆம் வருஷத்துக் கால்நடை இறக்குமதிச் சட்டம் தனியாக இருக்கிறது.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? அதை நடத்துகிற கை வேண்டும். சரக்கில் பூச்சி இருந்தால் நச்சு வாயு செலுத்தி அழிக்க வேண்டும். அந்த வேலையை அதிகாரிகள் செய்வதில்லை, அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனத்தார் செய்கிறார்கள். இங்கேதான் பயிற்சி விஷயம் வருகிறது.

அந்த அங்கீகாரத்தைக் கொடுப்பது மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகர். ஃபரீதாபாத்தில் இருக்கிற பயிர்ப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தலைவர் அவர். விண்ணப்பம் போட்டவுடன் கிடைக்கிற சமாசாரம் இல்லை. நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும். வேளாண்மையிலோ அறிவியலிலோ பட்டம் படித்தவர்கள் ஐதராபாத், ராஜேந்திர நகரில் உள்ள தேசிய தாவர நல மேலாண்மை நிறுவனத்துக்குப் போய்ப் பயிற்சி பெற்று, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேற வேண்டும். 1966-ல் தொடங்கிய பயிற்சி நிலையம் அது. 2008-ல் இப்போதைய பெயர் வந்தது. ஆளைத் தவிர, வாயுவை அளக்கும் கருவி, கசிவு காட்டும் கருவி, முழு முகமூடி, ஓட்டையில்லாத தார்ப்பாய் எல்லாம் இருக்கிறதா என்று குழு வந்து நேரில் பார்க்கும். அப்புறம்தான் பதிவு எண் கிடைக்கும். பிறகும் சோதனை உண்டு. தப்பு செய்தால் அங்கீகாரத்தை நிறுத்தி வைப்பார்கள், ரத்தும் செய்வார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மருந்து டேங்குக்கு இத்தனை மில்லி என்று நாம் கணக்குப் பார்க்கிறோம் இல்லையா, அதே கணக்குத்தான். சரக்கோடு வருகிற மரப்பெட்டிக்கு மீதைல் புரோமைடு வாயு விடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் 21 டிகிரிக்கு மேலே இருந்தால் ஒரு கன மீட்டருக்கு 48 கிராம். இருபது அடிக் கண்டெய்னர் சுமார் 33 கன மீட்டர். 33-ஐ 48-ஆல் பெருக்கினால் 1,584 கிராம், அதாவது ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. குளிர் கூடினால் பூச்சி மந்தமாகி மூச்சு குறைவாக விடும். அதனால் 16-லிருந்து 21 டிகிரிக்குள் இருந்தால் 56 கிராம், 10-லிருந்து 16-க்குள் இருந்தால் 64 கிராம். 10-க்குக் கீழே இந்த முறையே கூடாது. வாயு 24 மணி நேரம் உள்ளே நிற்க வேண்டும். 48 கிராம் விட்டிருந்தால், கடைசியில் அளந்து பார்க்கும்போது கன மீட்டருக்கு 24 கிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கேயோ ஒழுகியிருக்கிறது, பூச்சி பிழைத்திருக்கும் என்று அர்த்தம். சரக்கு பிளாஸ்டிக் காகிதத்தில் இறுகச் சுற்றியிருந்தாலும் வாயு உள்ளே போகாது. பழகாத ஆள் வாயுவைத் திறந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பயிற்சி பெற்றவர் முதலில் சரக்கைப் பிரித்துப் பார்ப்பார், பிறகு தார்ப்பாய் ஓரத்தில் மணல் பையை அடுக்குவார், அளப்பார், எழுதி வைப்பார். வித்தியாசம் அங்கேதான் இருக்கு.

வாயுவே வேண்டாம் என்றால் மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிஷம் விடாமல் நிற்க வேண்டும். இப்படிச் சுத்தம் செய்த மரத்தில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை இருக்கும். கூடவே எந்த நாடு, எந்த நிறுவனம், எந்த முறை என்கிற அடையாளமும் இருக்கும். இராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளிலிருந்து கள்ளிப்பெட்டியும் பேலட் கட்டையும் விறகுக்கு மலிவாக வருகிறது. வாங்கும்போது அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத வெளிநாட்டுக் கட்டையை மாந்தோப்பு ஓரத்தில் அடுக்கி வைக்காதீங்க. உள்ளே துளைக்கும் வண்டு இருக்கலாம்.

வந்த பூச்சியை அடக்குவதற்கும் பயிற்சி பெற்ற கைதான் உதவியது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு குளவி கொண்டு வந்தார்கள். மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து 2021-ல் இன்னொரு குளவி வந்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது. அந்தக் குளவியும் வெளிநாட்டுச் சரக்குதானே! பெங்களூரில் அடைத்த அறைக்குள் வைத்து, நம்ம நன்மை செய்யும் பூச்சிகளைத் தொடாது என்று சோதித்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அவசரப்பட்டிருந்தால் வைத்தியமே வியாதி ஆகியிருக்கும்.

இனி ரெண்டாவது விஷயம், நம்ம பிள்ளைகள். மீதைல் புரோமைடுக்கு நிறம் இல்லை. நெடியும் தெரியாது. காற்றைவிடக் கனமானதால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். தலைவலி, மயக்கம், வாந்தி, பேச்சுக் குழறல் எல்லாம் பல மணி நேரம் கழித்துக்கூட வரலாம். மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. காற்றில் பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழே குறைந்த பிறகே கண்டெய்னருக்குள் ஆள் போகலாம் என்பது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் கைக்கொள்ளுகிற அளவு. மூக்கால் இதை அறிய முடியாது, கருவிதான் சொல்லும்.

ஆகவே மகனோ மருமகனோ மூட்டை இறக்குகிற வேலைக்குக் கிளம்பும்போது இந்த நாலு கேள்வியை மனசில் போட்டு அனுப்புங்கள்:

1. இந்தப் பெட்டிக்கு வாயு விட்டிருக்கிறார்களா? கதவில் மண்டை ஓடு படம் போட்ட அட்டை இருக்கா?
2. வாயுவை அளந்து பார்த்து, போகலாம் என்று எழுதிக் கொடுத்த பயிற்சி பெற்றவர் யார்?
3. அவர் இப்போது இங்கே இருக்கிறாரா?
4. எனக்கு ஏதாவது ஆனால் எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி?

பதில் வராவிட்டால் கதவைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் கூலி போனால் போகட்டும். பட்டம் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், ஐதராபாத் பயிற்சியைப் பற்றியும் விசாரிக்கச் சொல்லுங்கள். அது மரியாதையான பிழைப்பு.

நம்ம வீட்டிலேயும் இதே ஆபத்து இருக்கு. குதிரில் போட்ட சாமைக்கும் கேழ்வரகுக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 3 கிராம் மாத்திரை ஒன்று ஈரம் பட்டு 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். அது பூச்சிக்கும் ஒண்ணுதான், தொட்டிலில் தூங்குகிற குழந்தைக்கும் ஒண்ணுதான். அரசு நிறுவனங்களுக்கும் அங்கீகாரம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்களுக்கும் மட்டுமே அதை விற்கலாம் என்று விதி இருக்கிறது. கடைக்காரர் தெரிந்தவர் என்பதற்காக வாங்காதீங்க. தானியத்தை நன்றாகக் காயவைத்து, பல்லால் கடித்தால் 'டக்'கென்று உடைகிற பதத்தில் சுத்தமான சாக்கில் கட்டி, தரையில் படாமல் கட்டை மேலே அடுக்குங்கள். யாருக்காவது வாயு தாக்கிவிட்டால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, போட்டிருந்த துணியை மாற்றி, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்த மருந்து என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருகிற சொந்தக்காரர் "நல்ல ரகம்" என்று வாழைக்கன்றோ, பப்பாளி விதையோ பெட்டிக்குள் மறைத்துக் கொண்டு வந்தால் ஆசைப்படாதீங்க. படவேட்டு வாழைக்காரர்கள் இதை முக்கியமாகக் கேட்க வேண்டும். டி.ஆர்.4 என்கிற புது வகைப் பனாமா வாடல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வந்துவிட்டது. கன்றிலும் ஒட்டிய மண்ணிலும் அது பயணம் செய்யும். ஒருமுறை மண்ணில் இறங்கினால் பல பத்து வருஷம் போகாது. ஆஸ்திரேலியாவில் டல்லி என்கிற ஊரில் 2015-ல் அது தெரிந்தபோது, தோட்டத்துக்குள் நுழைகிற கூலியாள் முதல் முதலாளி வரைக்கும் செருப்பைக் கழுவாமல் உள்ளே விடவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற நமக்கு அது சிரமமான காரியமா என்ன?

கழனியிலே இதுவரை பார்க்காத பூச்சியோ வாடலோ தெரிந்தால், பக்கத்துக் கழனிக்குக் கொண்டுபோய்க் காட்டாதீங்க. அந்த இடத்திலேயே விட்டுவிட்டு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்து சொல்லுங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். துறைமுகத்துக் காவல் ஒரு பக்கம் இருக்கட்டும், வரப்புக் காவல் நம்ம பொறுப்பு.