மரவள்ளிக் கிழங்கை அவிக்கும் முறை

தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளி, இலங்கையிற் பல இல்லங்களிலே காலையுணவாகின்றது. இதனுடன் இஞ்சி சேர்த்தலாகாது என்பது மூத்தோர் வழக்கு. இஞ்சியை விலக்கிவிட்டுச் சட்டியை மூடி அவிப்போரும் உளர்; முதலிற் கவனிக்கவேண்டியது அச்சட்டியையே.

கிழங்கை வெட்டியதும், அதிலுள்ள லினமரின் என்னும் பொருளை நொதியம் சிதைக்க, ஈற்றில் ஐதரசன் சயனைட்டு என்னுங் கொடிய நஞ்சு உண்டாகும். அது ஏறத்தாழ 26 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பெருந்துண்டுகளை நேரே கொதிநீரில் இட்டாலோ நொதியம் அழிய, லினமரின் கிழங்கினுள்ளே தங்கிவிடும். உண்டபின் குடலிலே நஞ்சாக மாறவுங்கூடும்.

ஆகவே உட்பட்டையையும் முற்றாக உரித்து, சிறு துண்டுகளாக வெட்டி, நீரில் ஊறவிட்டு வடித்துவிடுக. பின்னர் நிறையத் தண்ணீர் விட்டு மூடாது அவித்து, அந்நீரையும் கொட்டிவிடுக. கைக்குங் கிழங்கையும் நீலக்கோடு விழுந்த பழங்கிழங்கையும் உணவிற்குக் கொள்ளலாகாது. சிறுவர்க்குச் சிறிதளவு நஞ்சே போதும்.