இணையக் கசினோவின் அனுமதிப்பத்திரம் யாரைக் காக்கிறது?

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பொடியன் ஒருவன் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். இணையக் கசினோ ஒன்றில் அவனுடைய கணக்கில் இரண்டு இலட்சம் ரூபாய்க்கு மேல் காட்டியது. எடுக்கப் போனால், முதலில் வரியாக முப்பதாயிரம் கட்டச் சொல்கிறார்களாம். “இது லைசென்ஸ் உள்ள சைட் அண்ணை, கீழ பாருங்கோ” என்றான். பக்கத்தின் அடியில் ஒரு முத்திரை இருந்தது. அழுத்தினால் எங்கும் போகவில்லை. வெறும் படம். வீட்டைத் திருத்தக் கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய காசில் ஒரு பகுதி ஏற்கெனவே உள்ளே போயிருந்தது.

உண்மையான அனுமதிப்பத்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பிரித்தானியா நல்ல உதாரணம். எங்கள் சொந்தக்காரர் பலர் அங்கே இருப்பதால் அவர்களுக்கும் இது உதவும். 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தின் கீழ் அங்கே ஓர் ஆணைக்குழு இயங்குகிறது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பெயர்ப் பதிவேட்டை அது தன் இணையத்தளத்தில் திறந்து வைத்திருக்கிறது. கசினோ காட்டும் முத்திரையை நம்பாமல் அந்தப் பதிவேட்டில் தளத்தின் முகவரியைத் தேட வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது வேறு தளம்.

அனுமதி பெற்ற நிறுவனத்துக்குக் கட்டுப்பாடுகள் பல. எழுந்தமானமாக எண்களைத் தரும் மென்பொருள் சுயாதீன ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து கடனட்டையால் சூதாட முடியாது. ஒருவர் ‘கேம்ஸ்டொப்’ என்ற திட்டத்தில் தன்னைப் பதிந்தால், அனுமதி பெற்ற எல்லாத் தளங்களும் அவரைத் தடுக்க வேண்டும். ஆகக் குறைந்தது ஆறு மாதம், கூடியது ஐந்து வருடம். 2025இல் ஸ்லொட் விளையாட்டில் ஒரு சுற்றுக்கான உச்ச வரம்பு 5 பவுண் ஆனது. 18 முதல் 24 வயது வரையானோருக்கு அது 2 பவுண். முறைப்பாடு செய்து எட்டு வாரத்துக்குள் தீராவிட்டால், சுயாதீனத் தீர்வு அமைப்பொன்றிடம் இலவசமாகப் போகலாம்.

ஆனால் நேர்மையான விளையாட்டு என்றால் வெல்லலாம் என்று பொருளல்ல. நூறு ரூபாய்க்கு 95 ரூபாய் திரும்பும்படி அமைத்த விளையாட்டும் சோதனையில் தேறும். மீதி ஐந்து ரூபாய் கசினோவுக்கு. விளையாட விளையாட அந்த ஐந்து பெருகிக்கொண்டே போகும்.

நிறுவனம் வங்குரோத்தானால் காசு வருமா? அனுமதிப்பத்திரம் அதற்கும் உத்தரவாதம் இல்லை. விளையாடுவோரின் பணத்துக்குப் பாதுகாப்பு இல்லையா, நடுத்தரமா, உயர்வா என்று அறிவிக்க வேண்டும் என்பதே விதி. ‘பாதுகாப்பு இல்லை’ என்று எழுதிவிட்டும் தொழில் நடத்தலாம். 2021 மார்ச்சில் முடங்கிய ‘புட்போல் இண்டெக்ஸ்’ இந்த ஆணைக்குழுவின் அனுமதி பெற்றதுதான். கசினோ இல்லை, உதைபந்தாட்ட வீரர்களை வைத்துப் பந்தயம். மக்கள் பல கோடி பவுண் இழந்தார்கள். ஆணைக்குழுவுக்கு 2020 ஜனவரியிலேயே எச்சரிக்கை போயிருந்தது.

எங்கள் பக்கம் வரும் விளம்பரங்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது கரீபியன் தீவான குராசோவின் பெயர். அங்கே நீண்ட காலம் நாலு தனியார் நிறுவனங்களே தலைமை அனுமதியை வைத்துக்கொண்டு, மற்றத் தளங்களுக்குக் கிளை அனுமதி கொடுத்து வந்தன. காசை இழந்தவர் அரசிடம் போய்க் கேட்க வழி இருந்ததென்று சொல்ல முடியாது. 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டம் அந்த முறையை மாற்றியது. பழைய முத்திரைப் படங்கள் மட்டும் இன்னும் இணையத்தில் சுற்றுகின்றன.

இலங்கையில் 1889, 1930, 2010ஆம் ஆண்டுச் சட்டங்களே இருந்தன. முதல் இரண்டும் எழுதப்பட்ட காலத்தில் இணையம் ஏது? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. இணையச் சூதாட்டமும் அதற்குள் வருகிறது. இருந்தாலும் இங்கே அலுவலகமோ பெயரோ இல்லாத ஒரு தளத்தை எந்த அதிகாரசபையும் இலகுவில் பிடித்துவிடாது.

வென்ற பணத்தைத் தர முன்பணம் கேட்பது மோசடி என்று பொடியனுக்குச் சொன்னேன். திரைப் படங்களை எடுத்துவைக்கவும், வங்கிக்கு உடனே அறிவிக்கவும், பொலிஸில் முறைப்பாடு கொடுக்கவும் சொன்னேன். முப்பதாயிரத்தை அவன் கட்டவில்லை. உள்ளே போன காசு வரவுமில்லை. அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.