பலகை அல்ல, தோல்

பழைய ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தால் தேக்குப் பெட்டி போல இருக்கும். ஆனால் பல பெட்டிகளில் உள்ளே இருப்பது மரத்தூள் பலகைதான். தேக்கைக் காகிதம் போல மெல்லியதாகச் சீவி அதன்மேல் ஒட்டியிருப்பார்கள். அதற்கு வெனீர் என்று பெயர். அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்.

இது தெரியாமல் நான் ஒரு தவறு செய்தேன். மும்பை தாராவியில் எங்கள் தெருக்காரர் ஒருவர் தம் பெட்டியைச் சரிசெய்யத் தந்தார். அது அவருடைய அப்பா வாங்கியது. மழையில் கூரை ஒழுகி, வெனீர் கொப்புளம் போல எழும்பியிருந்தது. நான் முரட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். ஒரே நிமிடத்தில் தேக்கு போய்விட்டது. மரத்தூள் தெரிந்தது. எனக்குக் கை நடுங்கியது.

பக்கத்துப் பட்டறை ஆசாரியிடம் ஓடினேன்.

"தம்பி, இது பலகை இல்லை. தோல். தோலை இப்படித் தேய்க்கலாமா?" என்றார்.

"காப்பாற்ற முடியுமா அண்ணே?"

"பார்க்கலாம். முதலில் ஸ்பீக்கரைக் கழற்று. அதன் காந்தம் இரும்புத் துகளை இழுத்துக்கொள்ளும்."

பெட்டியை நிழலில் நன்றாகக் காயவைத்தோம். பிறகு ஒவ்வொரு கொப்புளத்தையும் மர ரேகையின் போக்கிலேயே பிளேடால் கீறினார். குறுக்கே கீறினால் தழும்பு தெரியுமாம். தபால் அட்டைத் துண்டால் வெள்ளைப் பசையை உள்ளே தள்ளினார். வழிந்த பசையை உடனே துடைத்தார். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் சமமான பலகை, அதன்மேல் அம்மிக்கல். காகிதம் வைத்தால் அது ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு அசைக்கவில்லை.

ஓரத்தில் பலகை ஊறி உப்பியிருந்தால் இந்த வேலை பலிக்காது. அந்தப் பகுதியை மாற்றத்தான் வேண்டும். நல்ல வேளை, எங்கள் பெட்டி உப்பவில்லை.

நான் தேய்த்த இடத்துக்கு ஒட்டுப் போட்டார். ரேகை ஒத்துப்போகும் தேக்கு வெனீரைப் படகு வடிவில் வெட்டினார். சதுரமாக வெட்டினால் ஒட்டு கண்ணைக் குத்துமாம். காய்ந்த பிறகு 220-ஆம் எண் உப்புத்தாளால் ரேகையோடு லேசாகத் தடவினார். அவ்வளவுதான்.

மெருகுக்கு அரக்கு. ஜார்க்கண்டில் புரசு, இலந்தை மரங்களில் சிறு பூச்சிகளை வளர்த்து அரக்கு எடுக்கிறார்கள். ராஞ்சி அருகே இதற்காகவே 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணிப் பந்தால் மெல்லியதாகப் பல தடவை பூச வேண்டும். ஸ்பிரிட் விஷம். சட்டென்று தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்பு, பீடி கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள். மழை நாளில் பூசினால் அரக்கு வெள்ளையாகப் பூத்துவிடும். நாங்கள் வெயிலுக்காக நான்கு நாள் காத்திருந்தோம். பூசிய பெட்டிமேல் சூடான டீ கிளாஸ் வைக்காதீர்கள். வெள்ளை வட்டம் விழும்.

ஒட்டுப் போட்ட இடம் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. பெட்டிக்காரர் ஆசாரிக்குக் கூலி கொடுத்தார். வெனீர்த் துண்டின் விலையை நான் கொடுத்தேன்.